பேர் எழுதாத பிராது

எங்கள் சாமி அறையில் குத்துவிளக்குக்கு இடது கைப்பக்கம், அலமாரித் தட்டில் ஒரு ஸ்பீக்கர் இருக்கிறது. தேங்காய் மூடியைக் கவிழ்த்து வைத்த அளவுதான் இருக்கும். புதுக்கோட்டையில் டீச்சராக இருக்கும் என் மகள் எனக்காக வாங்கி வந்தது. கூப்பிட்டு என்ன பாட்டு கேட்டாலும் போடும் என்றாள். நானும் கூப்பிட்டேன். நான் அம்மன் பாட்டு கேட்டால் அது ஏதோ இந்திப் பாட்டைப் போட்டது. திரும்பக் கேட்டால் புரியவில்லை என்று இங்கிலீஷில் சொன்னது.

“இதுகிட்டக் கேக்காதம்மா. ஒன் போன்ல இருக்கற பாட்டையே இதுல வர வச்சுக்க,” என்று மகள் ப்ளூடூத் போட்டுக் கொடுத்தாள். கம்பி எதுவும் கிடையாது. போனில் பாட்டைத் தொட்டால் ஸ்பீக்கரில் வரும். “அப்பா போனையும் சேத்து வச்சிருக்கேன். ஆனா ஒரு நேரத்துல ஒரு போன்தான். ஒன் போன் புடிச்சிருந்தா அப்பா போன் சேராது,” என்றாள். என் போன் எந்நேரமும் சாமி அறையில்தான் கிடக்கும். அதனால் என் வீட்டுக்காரர் போன் ஒரு நாளும் அதில் சேர்ந்தது கிடையாது. தன் போனுக்கும் அப்படி ஒரு வசதி உண்டு என்பதையே அவர் மறந்துவிட்டார்.

சாமி பாட்டு கேட்கத்தான் மகள் வாங்கிக் கொடுத்தாள். நான் அதைப் பழி வாங்க வைத்துக்கொண்டேன். அதை மறைத்து எழுதினால் இந்த எழுத்துக்கு அர்த்தமில்லை.

எங்கள் ஊர் ஆலங்குடியிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. தென்னந்தோப்பும் கொஞ்சம் கடலைக் காடும் எங்களுக்கு. என் வீட்டுக்காரரும் அவர் தம்பியும் பாகம் பிரித்தபோது ஒரே வீட்டின் நடுவே சுவர் வைத்து ரெண்டாக்கினார்கள். சாமி அறை எங்கள் பக்கம் வந்தது. அதை ஒட்டின சுவருக்கு அந்தப் பக்கம் தம்பி வீட்டு அடுப்படி. உயரத்தில் காற்றுக்காக ஒரு சின்ன ஜன்னல், கதவில்லாமல் கம்பி மட்டும் வைத்தது. கொழுந்தன் துபாயில் இருக்கிறார். அவர் சம்சாரம், என் ஓர்ப்படியாள், மட்டும் அந்த வீட்டில் இருக்கிறாள். ஒரே மகன் ஹாஸ்டலில் படிக்கிறான்.

என் மகளுக்கு அன்னவாசல் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. கீரனூரில் இருக்கும் என் அண்ணன் கொண்டுவந்த இடம். பையன் துபாயில் கம்பெனி வேலை. வந்தார்கள், பார்த்தார்கள், கேசரி சாப்பிட்டார்கள், பிடித்துப்போயிற்று. நிச்சயத்துக்கு நாள் பார்க்கலாம் என்று சொல்லி வெற்றிலை வாங்கிக்கொண்டு போனார்கள். பதினைந்தாம் நாள் வேண்டாம் என்று, நடுவில் நின்று பேசின தரகர் மூலமாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். காரணம் கேட்டதற்கு வந்த பதில் என் நெஞ்சில் ஆணி அடித்த மாதிரி இருந்தது. பெண்ணுக்கு மூல நட்சத்திரமாம். பெண்ணைப் பெற்றவள் அதை மறைத்து, அனுஷம் என்று ஜாதகத்தைத் திருத்தி எழுதி வாங்கிவிட்டாளாம்.

மூலத்தில் பிறந்த பெண் வந்தால் மாமனாருக்கு ஆகாது என்று எங்கள் பக்கம் ஒரு பயம் உண்டு. அந்தப் பேர் ஒரு தடவை விழுந்தால் அப்புறம் அந்தப் பெண்ணைத் தேடி எந்தச் சம்பந்தமும் வாசல் ஏறாது. என் மகள் அனுஷம்தான். பிரசவ வார்டில் வலியோடு வலியாக நர்ஸம்மாவிடம் மணி கேட்டுக் குறித்து வாங்கியவள் நான். சாமி முன்னால் நின்று பொய் சொல்லத் துணியாதவள். அப்படிப்பட்ட என்னிடம் சொந்த அண்ணன் போனில் கேட்டார்:

“ஏந்தங்கச்சி, நெசத்தச் சொல்லிரு. மாத்தினியா?”

அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. மகள் பள்ளிக்கூடத்திலும் யாரோ கேட்டிருக்கிறார்கள், டீச்சர் உங்களுக்கு மூலமாமே என்று. அவள் வந்து புத்தகப் பையை வைத்துவிட்டுக் குளிக்கிற ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தக் கதவுக்கு வெளியே நின்றபோதுதான் இதைச் செய்தவரைச் சும்மா விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

யார் செய்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஓர்ப்படியாள்தான். மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று காபி கொடுத்தவள் அவள். கொடுக்கும்போது பையனின் அம்மாவிடம், “நச்சத்திரப் பொருத்தமெல்லாம் பாத்துட்டீங்களா?” என்று கேட்டதை என் காதால் கேட்டேன். ஜாதக நோட்டு எங்கே இருக்கிறது என்று தெரிந்த வெளி ஆளும் அவள் ஒருத்திதான். நேராகப் போய் நான் அவளைக் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்பாள். குழாயடியில் சொன்னேன், அம்மன் கோயிலில் பூக்கட்டும் இடத்தில் சொன்னேன், ரேஷன் கடை வரிசையில் சொன்னேன். பேர் சொல்லவில்லை. “கூடவே இருந்து கொள்ளி வச்சவ செவுத்துக்கு அந்தப் பக்கம் நல்லாத்தான் தூங்குறா” என்று மட்டும் சொன்னேன். பேர் வேறு சொல்ல வேண்டுமா?

அதோடு விடவில்லை. ஸ்பீக்கரை விளக்குப் பக்கத்திலிருந்து தூக்கி, அந்தக் கம்பி ஜன்னல் திண்டில் அவள் அடுப்படியைப் பார்க்க வைத்தேன். விடியற்காலையில் அவள் பால் காய்ச்சும் நேரத்துக்கும், சாயங்காலம் டிவியில் நாடகம் பார்க்கும் நேரத்துக்கும், போனில் கருப்பர் பாட்டைத் தொடுவேன். உடுக்கையும் பம்பையும் அடித்து, பொய் சொன்னவன் நாக்கை அறு, வஞ்சம் செய்தவன் குடலை உருவு என்று பாடிக்கொண்டே போகும். சத்தத்தை முழுசாக வைத்துவிட்டு இந்தப் பக்கம் உட்கார்ந்து பூ தொடுப்பேன். அவள் டிவி சத்தத்தைக் கூட்டுவாள், அப்புறம் குறைப்பாள், அப்புறம் அணைத்துவிடுவாள். ஒரு நாள் ஜன்னல் வழியே கேட்டாள்.

“அக்கா, கொஞ்சம் கொறச்சு வைங்களேன். தலை வலிக்குது.”

“சாமி பாட்டுடி. நல்லவங்களுக்கு வலிக்காது.”

அந்தப் பக்கம் ஒரு பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது. அதற்கப்புறம் அவள் கேட்கவே இல்லை. எனக்கு அன்றைக்கு இட்லி ரெண்டு கூடுதலாக இறங்கியது.

அதுவும் போதவில்லை. எங்கள் பக்கம் ஒரு கருப்பர் கோயிலில் பிராது கட்டுவது வழக்கம். நமக்கு நடந்த அநியாயத்தைத் தாளில் எழுதி, பூசாரி அதைச் சாமி முன்னால் படித்த பிறகு, சுருட்டி வேலில் கட்டிவிட்டு வரவேண்டும். நாற்பத்தெட்டு நாளில் கருப்பர் விசாரித்துத் தீர்ப்பு சொல்லிவிடுவார். ஒரு வெள்ளிக்கிழமை நான் மட்டும் பஸ் ஏறிப் போனேன். பூசாரி என் தாளை வாங்கிப் பார்த்தார்.

“பேரு எழுதலையே தாயி?”

“பங்காளி வீட்டு ஆளுங்க.”

“அப்ப எழுதாத. ஒரே ரத்தமும் ஒரே குலசாமியுமா இருந்தா, பேரு போட்டு எழுதின பிராது எழுதுனவங்க வீட்டுக்குள்ளயும் வந்து பாத்துட்டுத்தான் போகும். பொதுவா எழுது. ஆளு யாருன்னு அவருக்குத் தெரியும்.”

பொதுவாகத்தான் எழுதியிருந்தேன். “என் மகளுக்கு மூலம் என்று பொய் கட்டி, என்னைப் பொய்க்காரி ஆக்கியவர் யாராக இருந்தாலும், பேசின நாக்கு வெந்து, நடந்த கால் முடங்கி, உன் வாசலில் வந்து விழ வேண்டும்.” பூசாரி அதை உரக்கப் படித்து, சுருட்டி வேலில் கட்டினார். எலுமிச்சம்பழமும் சுருட்டும் வைத்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

அன்றிலிருந்து காலையில் கோலம் போடும்போது ஓர்ப்படியாள் காலைத்தான் பார்ப்பேன். நொண்டுகிறாளா என்று. அவள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நன்றாகத்தான் நடந்தாள். ஒரு நாள் வாயைப் பொத்திக்கொண்டு போனாள், எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் கொட்டாவி.

இதற்கிடையில் என் வீட்டுக்காரருக்கு வாய்ப்புண் வந்தது. உடம்புச் சூடு என்று மணத்தக்காளிக் கீரை வைத்துக் கொடுத்தேன். பிறகு தோப்பில் வரப்பு சறுக்கிக் கணுக்கால் பிசகிக்கொண்டார். எண்ணெய் போட்டு நீவி, துணி சுற்றிவிட்டேன். அதை நான் எதோடும் சேர்த்துப் பார்க்கவில்லை.

முப்பத்திரண்டாம் நாள். ராத்திரி கரண்ட் இல்லாததால் என் போனில் சார்ஜ் இறங்கி அணைந்து கிடந்தது. கரண்ட் வந்ததும் சார்ஜில் போட்டுவிட்டுச் சந்தனம் அரைத்துக்கொண்டிருந்தேன். அவர் கொல்லையில் கிணற்றடியில் உட்கார்ந்திருந்தார். ஸ்பீக்கர் ‘டிங்’ என்றது. என் போன் இல்லாததால் அவர் போன் வந்து சேர்ந்துகொண்டது என்பது அப்போது எனக்குத் தெரியாது. அடுத்த நிமிஷம் தரகர் குரல் சாமி அறை முழுக்கக் கேட்டது.

“அண்ணே, நாந்தான். அன்னவாசல்காரங்க வேற எடத்துல நிச்சயம் பண்ணிட்டாங்க. இனி நீங்க கவலப்பட வேணாம். மூலம்னு சொன்னா எவனும் கேள்வி கேக்க மாட்டான்னு நான் சொன்னேன்ல? ஒங்க பேரு எங்கிட்டும் வராதுண்ணே.”

சந்தனக் கட்டையை வைத்துவிட்டுக் கொல்லைப் பக்கத்து ஜன்னலுக்குப் போனேன். தரகர் பேசி அனுப்பியதை அவர் தோப்பிலேயே ஒரு தடவை கேட்டிருக்க வேண்டும், இப்போது போனை வாய்ப்பக்கம் வைத்துப் பதில் பேசிக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினால், சரியாகப் பேசினோமா என்று அதைத் தானே ஒரு தடவை போட்டுக் கேட்பார். கேட்டார். நானும் கேட்டேன்.

“சரிப்பா. எம் பொண்டாட்டிக்கு மட்டும் தெரியாமப் பாத்துக்க. தெரிஞ்சா வீட்ல அடுப்பு எரியாது. அவ அண்ணன் கொண்டாந்த எடம், நான் வேணாம்னு நேராச் சொன்னா விட்டுருப்பாளா? துபாய் மாப்பிள்ள வேணாம்ப்பா. எந்தம்பி சம்சாரம் பக்கத்துலதான் இருக்கு. பதினாலு வருசமா ஒத்தையில சமைச்சு, ஒத்தையில உக்காந்து திங்குது. அவன் ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா விருந்தாளி மாதிரி வந்துட்டுப் போறான். எம் மகளும் அப்படி உக்காந்துறக் கூடாது. அதுக்குத்தான் கலைக்கச் சொன்னேன்.”

ஸ்பீக்கர் சத்தம் கிணற்றடி வரைக்கும் எட்டவில்லை, அவர் போனிலும் சத்தம் வரவில்லை. போனை ரெண்டு தட்டு தட்டிவிட்டு, சத்தத்தை முழுசாகக் கூட்டி, திரும்பவும் போட்டார். ரெண்டாவது தடவையும் முழுசாகக் கேட்டது. பிறகு நொண்டி நொண்டி உள்ளே வந்தார்.

“இந்தா, எம் போன்ல சத்தமே வர மாட்டேங்குது. பாப்பா வந்தா பாக்கச் சொல்லு.”

“சொல்றேங்க,” என்றேன்.

அவர் காலில் நான் சுற்றிய துணி. வாயில் நான் பார்த்த புண். வெந்த நாக்கும் முடங்கின காலும் என் முன்னாலேயே நின்று போனைத் தட்டிக்கொண்டிருந்தன. நான் கேட்டதைக் கருப்பர் அப்படியே கொடுத்துவிட்டார். என் கை தானாகத் தாலியைப் பிடித்தது. அதே நேரம், கருப்பர் அந்தக் காலை இன்னும் கொஞ்சம் நன்றாகவே முறுக்கியிருக்கலாம் என்றும் தோன்றியது. ரெண்டும் ஒன்றாகத்தான் தோன்றின.

பூசாரிக்குப் போன் செய்தேன். கட்டின பிராதை அமாவாசையன்றுதான் எடுக்க முடியும் என்றார். அதுவும், குற்றவாளி வாசலுக்கு வந்து தன் வாயால் ஒத்துக்கொண்டால்தான். அமாவாசைக்கு ஒன்பது நாள் இருந்தது. ஒன்பது நாளும் அவரிடம் நான் எதையும் சொல்லவில்லை. வேளை தவறாமல் சோறு போட்டேன். போட்டுக்கொண்டே பேசினேன்.

“ஏங்க, நம்ம பாப்பா கல்யாணத்தக் கலைச்சது யாருன்னு நெனக்கிறீங்க?”

“விடு. நடந்தது நடந்து போச்சு.”

“எப்படி விடுறது? கருப்பர்கிட்டப் பிராது கட்டியிருக்கேன். நாக்கு வெந்துரணும்னு.”

அவர் வாயில் போன சோறு நின்றது.

“என்னங்க, ரசம் ஒறைக்குதா?”

“புண்ணு.”

“ஆமா, ஒங்களுக்குத்தான் புண்ணு. அந்தப் படுபாவிக்கு வரணும். காலும் முடங்கணும்னு எழுதியிருக்கேன்.”

அவர் துணி சுற்றின காலை மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டார். அந்த ஒன்பது நாளும் இந்தப் பேச்சை நான் விடவில்லை. ஒவ்வொரு வேளையும் ஊறுகாய் மாதிரி ஓரத்தில் வைத்தேன். அவருக்குச் சோறு பாதியாகக் குறைந்தது. பாவமாக இருந்ததா என்றால், இருந்தது. அதனால் நிறுத்தினேனா என்றால், இல்லை.

அமாவாசையன்று, கால் வலிக்கு வேண்டிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லி அவரைக் கோயிலுக்கு அழைத்துப் போனேன். பூசாரி வேலிலிருந்து என் தாளை அவிழ்த்து முதல் வரியிலிருந்து படித்தார். ‘பேசின நாக்கு வெந்து’ என்ற இடம் வந்தபோது என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார். நான் சாமியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“இதச் செஞ்சவரு இந்த வாசல்ல இருக்காரா தாயி?” என்று பூசாரி கேட்டார்.

“இருந்தா அவரே சொல்லுவாரு,” என்றேன்.

 என் வீட்டுக்காரர் பிசகின காலை மடக்க முடியாமல், ஒரு கையைத் தரையில் ஊன்றி, விழுகிற மாதிரி உட்கார்ந்து கும்பிட்டார்.

“நாந்தான் சாமி. எம் பிள்ளையத் தூர அனுப்ப மனசு வரல. அதைச் சொல்லத் தைரியமும் வரல.”

அந்த நிமிஷத்துக்காகத்தான் ஒன்பது நாள் காத்திருந்தேன். மனசு குளிர்ந்தது, பொய் சொல்லவில்லை. பூசாரி தாளைக் கிழித்துச் சூடத்தில் போட்டார். திருநீறு வாங்கியதும் என் வீட்டுக்காரர் கையில் போனைக் கொடுத்து, கோயில் வாசலிலேயே என் அண்ணனைக் கூப்பிட வைத்தேன். “மச்சான், ஒங்க தங்கச்சி எதையும் மாத்தல. அனுஷம்தான். மூலம்னு நாந்தான் சொல்லச் சொன்னேன்” என்று சொன்னார். அந்தப் பக்கம் என் அண்ணன் பேசியதை இங்கே எழுத முடியாது. தரகரிடமும் பேசினார். தான் சொன்னது பொய் என்று அன்னவாசலுக்கும் மற்ற இடங்களுக்கும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த பிராது அவர் பேரில் என்று நான் பக்கத்திலிருந்து சொன்னேன். தரகர் சரிங்கக்கா, சரிங்கக்கா என்று பத்து தடவை சொன்னார்.

வரும் வழியில் அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: “கோயில்ல வச்சுத்தான் கேக்கணுமா? வீட்லயே கேட்டிருக்கலாம்ல?”

“நீங்களும் வீட்லயே சொல்லியிருக்கலாம்ல?” என்றேன்.

வீட்டுக்கு வந்து கை கால் கழுவிவிட்டு, பிரசாதத்தை எடுத்துக்கொண்டு ஓர்ப்படியாள் வீட்டுக்குப் போனேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, “வாங்கக்கா” என்றாள். உட்காரச் சொல்லவில்லை.

“தப்பா நெனச்சுட்டேன்டி. நீ இல்ல. உன் அத்தான்தான்…”

“தெரியும்கா.”

“எப்படி?”

அவள் முறத்தால் மேலே இருந்த கம்பி ஜன்னலைக் காட்டினாள். “எங்க அடுப்படியப் பாத்துத்தான ஸ்பீக்கர வச்சிருக்கீங்க. ரெண்டு தடவ கேட்டுச்சு. ஒத்தையில உக்காந்து திங்கிறேன்னு அத்தான் சொன்னதும் கேட்டுச்சு.” முறத்தைக் கீழே வைத்தாள். “அன்னிக்கே நீங்க வருவீங்கன்னு பாத்தேன். மறுநாளும் பாத்தேன். ஒம்பது நாளாச்சு.”

ஒன்பது நாளும் அவரை வறுத்தெடுப்பதிலேயே இருந்துவிட்டேன். அவள் ஒருத்தி சுவருக்கு அந்தப் பக்கம் காத்திருப்பாள் என்று நினைத்தே பார்க்கவில்லை.

“மன்னிச்சுக்கடி.”

“அது கெடக்குக்கா. நானும் ஒரு பிராது கட்டியிருக்கேன். ரெண்டு வாரமாச்சு. ரேசன் கடையில நீங்க சொன்னது எங்காதுக்கு வந்த அன்னிக்குப் போனேன். அபாண்டம் சொன்ன வாயி அடைச்சுப் போகணும்னு எழுதியிருக்கேன்.”

“பேரு… பேரு எழுதலையில்ல?”

“எழுதியிருக்கேன். பூசாரி பங்காளி வீட்டுக்கு வேணாம்னாரு. என் வீட்டுக்குள்ள வந்து பாத்துட்டுப் போக யாரு இருக்கான்னு எழுதிட்டேன்.”

அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்கு அதிகப் பயத்தைக் கொடுத்தது.

“எடுத்துருடி. அடுத்த அமாவாசைக்குப் போவோம். நான் வந்து ஒத்துக்கறேன்.”

“நீங்க மட்டும் வந்தா பத்தாதுக்கா. யாரு யாருகிட்டச் சொன்னீங்களோ அவங்க அத்தன பேரையும் கூட்டிக்கிட்டு வாங்க. அவங்க முன்னால சொல்லுங்க. அப்புறம் பாப்போம்.” பிரசாதத்தை மட்டும் வாங்கி நெற்றியில் வைத்துக்கொண்டாள். பிறகு உட்கார்ந்து மறுபடியும் அரிசி புடைக்க ஆரம்பித்தாள்.

வெளியே வந்து வாசலில் நின்று எண்ணிப் பார்த்தேன். ஏழு பேர். அழுகை வரும் என்று நினைத்தேன், கோபம்தான் வந்தது. நான் ஒருத்தியிடம் மன்னிப்புக் கேட்க ஏழு வீட்டு வாசல் ஏறி இறங்க வேண்டும். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் பதினாலு வீடு ஏற வைத்திருப்பேன் என்று தோன்றியபோது அந்தக் கோபத்தை வைக்க இடமில்லாமல் போயிற்று.

ஏழு பேரில், குழாயடிக்கு எதிர் வீட்டுக்காரியோடு எனக்கு ஆகவே ஆகாது. நான் தலை குனிவதைப் பார்க்க அவள் எத்தனை வருஷமாகக் காத்திருக்கிறாளோ தெரியாது. செருப்பைப் போட்டுக்கொண்டு முதலில் அவள் வீட்டுக்குப் போனேன்.